24 நிமிடத்துக்காக ஒரு நாள்: சோளிங்கர் மலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சோளிங்கர் போகப் போகிறேன் என்று சென்னையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அதான் ரோப்கார் வந்தாச்சே, அரை நாள்ல முடிச்சிட்டு வந்துடலாம்" என்பார் ஒருவர். "போறதுன்னா கார்த்திகை ஞாயித்துக்கிழமைதான் போகணும்" என்பார் இன்னொருவர். முதலாமவர் பேச்சைக் கேட்டால் பாதிக் கோயிலை விட்டுவிட்டு வருவீர்கள். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் முன்னால் நிற்பவரின் முதுகைச் சேவித்துவிட்டு வருவீர்கள்.

ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது சோளிங்கர். சென்னையிலிருந்து சாலை வழியே சுமார் 110 கிலோமீட்டர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் 'கடிகை' என்று பாடிய தலம். பெரிய மலை மேல் யோக நரசிம்மர், எதிரே சின்ன மலை மேல் யோக ஆஞ்சநேயர், அடிவாரத்தில் தக்கான் குளம், ஊருக்குள் உற்சவரான பக்தவத்சலப் பெருமாளின் கோயில். இந்த நான்கும் சேர்ந்ததுதான் சோளிங்கர்.

ஒரு கடிகை நேரம், அதாவது ஒரு நாழிகை, 24 நிமிடம் இந்த மலைமேல் இருந்தாலே மோட்சம் என்பது தலத்தின் நம்பிக்கை. கடும் விரதம், பெரிய காணிக்கை எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போ என்கிறது. நம்மவர்களோ மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, ஒரு மணி நேரம் படியேறி, சன்னதியில் ஒரு நிமிடம் நின்று, பிரசாதத் தொன்னையோடு இறங்கிவிடுகிறார்கள். கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடெல்லாம் அந்த 24 நிமிடம் பதற்றமில்லாமல் கிடைப்பதற்காகத்தான்.

முதலில் கதை

வழி கேட்பதற்கு முன்னால் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மலையில் முதலில் ஏறுவது, எங்கே நிதானிப்பது என்பதற்கெல்லாம் பதில் அதற்குள் இருக்கிறது.

இரணியனைக் கிழித்த கையாலேயே பிரகலாதனைத் தடவிக்கொடுத்தாரே, அந்த நரசிம்மக் கோலத்தைத் தாங்களும் காண வேண்டும் என்று சப்த ரிஷிகளுக்கு ஆசை. இந்த மலைக்கு வந்து தவத்தில் உட்கார்ந்தார்கள். அசுரர்கள் சும்மா விடுவார்களா? தவத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். ராமாவதாரம் முடிந்து வைகுண்டம் புறப்படும் வேளையில் ராமர் அனுமனைக் கூப்பிட்டு, அந்த ரிஷிகளுக்குக் காவலாகப் போ என்று இங்கே அனுப்பினார் என்கிறது தலபுராணம். வந்த அனுமனாலும் தனியாளாக அசுரர்களை அடக்க முடியவில்லை. பெருமாளை வேண்டினார். பெருமாள் தன் கையிலிருந்த சங்கையும் சக்கரத்தையுமே எடுத்துக் கொடுத்துவிட்டார். அசுரர் கதை முடிந்தது. ரிஷிகளுக்கு நரசிம்மர் உக்கிரம் தணிந்து யோகத்தில் அமர்ந்த கோலத்தில் காட்சி கொடுத்தார். பிறகு அனுமனிடம், நீயும் எனக்கு எதிரிலேயே யோகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குறையைத் தீர்த்துவை என்றார்.

இதனால்தான் சின்ன மலை ஆஞ்சநேயருக்கு நான்கு கைகள். ஒன்றில் சங்கு, ஒன்றில் சக்கரம், மற்ற இரண்டில் ஜபமாலை. கதாயுதமும் சஞ்சீவி மலையுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். பெருமாளின் ஆயுதத்தைத் தாங்கி, பெருமாள் கொடுத்த வேலையைப் பார்க்கிறவர் அவர். ஆகவே பெரிய மலை முதலில், சின்ன மலை அடுத்து.

அந்த 24 நிமிடத்துக்கும் ஒரு கதை உண்டு. விசுவாமித்திரர் இங்கே ஒரு கடிகை நேரம் நரசிம்மரை வழிபட்டுப் பிரம்மரிஷிப் பட்டம் பெற்றாராம். யுகக்கணக்கில் தவம் செய்து, நடுநடுவே கோபத்தில் அதையெல்லாம் கோட்டைவிட்ட மனிதர் அவர். அவருக்கு 24 நிமிடத்தில் காரியம் கைகூடியது என்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. தலபுராணம் எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

எப்போது போவது

வருஷத்தில் பதினொரு மாதம் நரசிம்மர் கண்மூடி யோகத்தில் இருக்கிறார், கார்த்திகையில் மட்டும் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஐதீகம். ஆகவே கார்த்திகை மாதம், அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, கூட்டம் அலைமோதும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை: கார்த்திகையில்தான் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். திறந்த கண் கிழமை பார்ப்பதில்லை. அந்த மாதம் வடகிழக்குப் பருவமழையின் உச்சமும்கூட என்பதை மறந்துவிடாதீர்கள். தாழ்வு மண்டலம் என்று செய்தியில் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஈரப் படியில் வெறுங்காலோடு இறங்குவது, ஏறுவதைவிடச் சிரமம்.

மார்கழி, தை, மாசி மூன்றும் எனக்குப் பிடித்த மாதங்கள். காலையில் மலையைச் சுற்றி லேசான பனி, பத்து மணிக்கும் கல் சுடாது, வரிசையும் சீக்கிரம் நகரும். சித்திரை, வைகாசியில் போவதானால் வெயில் ஏறும் முன் மேலே இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் படி ஏறுவது பக்தி இல்லை, பிடிவாதம்.

இன்னும் இரண்டு நாட்கள் தவிர்க்க வேண்டியவை, அதுவும் சோளிங்கருக்காக இல்லை. ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி வழியெங்கும் காவடிக் கூட்டம், வண்டி நகராது. தை அமாவாசை போன்ற பெரிய அமாவாசைகளில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களால் அந்த ஊரைத் தாண்டவே நேரம் பிடிக்கும். காலண்டரை ஒருமுறை புரட்டிவிட்டு நாள் குறியுங்கள்.

கால்களைத் தயார் செய்வது

பெரிய மலைக்கு 1,305 படிகள். அபார்ட்மெண்டில் ஒரு மாடிக்கு இருபது படி என்று வைத்துக்கொண்டால், அறுபத்தைந்து மாடி. லிஃப்ட் பழுதானால் மூன்றாவது மாடிக்கே முணுமுணுக்கிற நமக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரேயடியாக ஏற வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வழியில் உட்கார மண்டபங்கள் இருக்கின்றன. படிகளுக்கு மேல் கூரையும் போட்டிருக்கிறார்கள்.

போவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுங்கள். அதைவிட நல்ல ஒத்திகை வேண்டுமென்றால் பல்லாவரம் பக்கத்தில் திருநீர்மலை இருக்கிறது. அதுவும் திவ்ய தேசம்தான். நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என்று நான்கு கோலங்களில் பெருமாள், அவற்றில் இருந்த கோலம் நரசிம்மர். ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஏறி இறங்கிப் பாருங்கள். அதற்கே மறுநாள் கெண்டைக்கால் வலித்தால் சோளிங்கரில் எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும். இதய நோய், மூட்டு வலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் படியேற வேண்டாம். அவர்களுக்காகத்தான் ரோப்கார்.

ரோப்கார் விஷயம்

வரும் வரும் என்று வருஷக்கணக்கில் பேசப்பட்டு, 2024 மார்ச்சில் ஒருவழியாகப் பெரிய மலை ரோப்கார் ஓட ஆரம்பித்தது. அதற்கு முன் முடியாதவர்களுக்கு டோலிதான் கதி. மூங்கிலில் நாற்காலியைக் கட்டி, ஆட்கள் தோளில் சுமந்து, 1,305 படியும் மூச்சிரைக்க ஏறுவார்கள். உட்கார்ந்திருக்கிற பாட்டி சங்கடத்தில் நெளிவார். ரோப்கார் வந்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். 'படி ஏறினால்தான் புண்ணியம்' என்று முதியவர்களிடம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்று விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். ரோப்கார் பெரிய மலைக்கு மட்டும்தான். சின்ன மலைக்குப் படிதான். பலத்த காற்றடித்தாலும் பராமரிப்பு வேலை இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முந்தின நாளே ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, ரோப்கார் இருந்தாலும் கொஞ்சம் படி ஏற வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே கிளம்புங்கள். அடியே எடுத்துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

குடும்பத்தில் பாதிப் பேர் ரோப்காரில், பாதிப் பேர் படியில் என்றால், மேலே எங்கே சந்திப்பது என்று கீழேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் எல்லா போனுக்கும் சிக்னல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வழி

ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரல் பக்கத்து மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் ரயிலில் அரக்கோணம் அல்லது திருத்தணி போய், அங்கிருந்து சோளிங்கர் பஸ் பிடிக்கலாம். இரண்டு ஊரிலிருந்தும் முப்பது கிலோமீட்டருக்குள்தான். செலவும் குறைவு, பூந்தமல்லி நெரிசலும் இல்லை. என் ஓட்டு இதற்கே.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'சோளிங்கர்' என்ற பெயரிலேயே அரக்கோணம்–காட்பாடி பாதையில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அது இருப்பது பாணாவரத்தில். இறங்கி வெளியே வந்து மலையைத் தேடினால் மலை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். டிக்கெட் போடும்போதே தெரிந்துகொண்டு போட்டால் சரி.

காரில் போகிறவர்களுக்கு இரண்டு வழி. திருவள்ளூர், திருத்தணி வழியாகப் போவது ஒன்று. பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் தாண்டி, வாலாஜாபேட்டை பக்கம் வடக்கே திரும்புவது இன்னொன்று. இரண்டாவது தூரம் சற்று அதிகம், சாலை அகலம். பஸ்ஸில் போகிறவர்கள் புறப்படும் இடத்தை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்; கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு எந்த பஸ் எங்கிருந்து என்பது சென்னைக்காரர்களுக்கே குழப்பம்.

எந்த வழியானாலும் நாலரை, ஐந்து மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். டிஃபனை அடிவாரத்துக்கு வருமுன் முடியுங்கள், அதுவும் இரண்டு இட்லியோடு. பூரி மசாலாவை வயிற்றில் வைத்துக்கொண்டு 1,305 படி ஏறுவது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஊர் எல்லைக்குள் நுழையும்போது வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்: 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதிய சோளிங்கர்ப் போர் இந்த வட்டாரத்தில்தான் நடந்தது.

அடிவாரமும் குரங்குகளும்

மலைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டபாளையம் என்று பெயர். சோளிங்கர் பஸ் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து ஷேர் ஆட்டோவோ ஆட்டோவோ பிடியுங்கள்; "பெரிய மலை" என்று சொன்னால் போதும்.

செருப்பைக் காரிலோ கடையிலோ விட்டுவிட்டு, குளத்தில் கால் நனைத்துவிட்டு, படிக்குப் போகும் முன் உங்களை மறிப்பவர்கள் குச்சி விற்கிறவர்கள். "குச்சி வாங்கிக்கங்க சார். அடிக்கல்லாம் வேணாம், கையில இருந்தா போதும்." இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற சென்னைக்காரர்கள் முந்நூறாவது படிக்குள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சோளிங்கர்க் குரங்குகள் விவரமானவை. பாலித்தீன் பை சரசரக்கும் சத்தத்துக்கே கூரையிலிருந்து இறங்கிவிடும். தேங்காய், பழம், பூ என்று அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்திப் போனால், எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்குள் வாழைப்பழம் போயிருக்கும். பழகிய பெண்மணிகளைக் கவனியுங்கள்: அர்ச்சனைப் பையை முந்தானைக்குள் இழுத்துச் சுருட்டி, இடுப்போடு அணைத்துப் பிடித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமே கொண்டுவராதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு ஏறுவார்கள். அதுதான் முறை. நீங்கள் தோள்பையை முன்பக்கமாக மாட்டி, ஜிப்பை முழுசாக மூடிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலும் பைக்குள்ளேயே இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி, செல்போன் இரண்டும் அவற்றுக்குப் பிடித்தமானவை. செல்ஃபி எடுக்கிறேன் என்று போனை நீட்டாதீர்கள். குரங்கு கிட்டே வந்தால் ஓடவும் வேண்டாம், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். குச்சியைத் தரையில் ஒருமுறை தட்டினால் விலகிவிடும். இரக்கப்பட்டுப் பொரி போடுவது அடுத்து வருகிறவர்களுக்குச் செய்கிற துரோகம். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசியைக் கேளுங்கள்.

பெரிய மலை

முதல் இருநூறு படியை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். ஆரம்ப உற்சாகத்தில் ஓடி ஏறுகிறவர்கள்தான் நடுவழியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் உட்காருங்கள். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அதுதான் சரியான வேகம். பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிற வேண்டுதல்காரர்கள் வழியில் இருப்பார்கள். அவர்களைத் தாண்டும்போது பொட்டு வைத்த இடத்தை மிதிக்காமல் ஓரமாகப் போங்கள்.

மேலே அமிர்தவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டுப் பெருமாளிடம் போவது முறை. யோக நரசிம்மர் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார். திருவல்லிக்கேணியில் தெள்ளியசிங்கரைச் சேவித்துப் பழகியவர்களுக்கு யோக நரசிம்மர் கோலம் புதிதல்ல. புதிதாக வருகிறவர்கள் பலர் நரசிம்மர் என்றதும் இரணியனை மடியில் போட்ட படத்தை நினைத்துக்கொண்டு கொஞ்சம் பயத்தோடு வருவார்கள். இங்கே பார்க்கப்போவது அதெல்லாம் முடிந்த பிறகு அமைதியாக உட்கார்ந்தவரை. திருமங்கையாழ்வார் இவரை 'அக்காரக்கனி' என்றார். அக்காரம் என்றால் சர்க்கரை. சிங்க முகத்தைப் பார்த்து இந்த வார்த்தை வர ஆழ்வாரால்தான் முடியும்.

இப்போது அந்த 24 நிமிடம். சன்னதியில் நிற்க விடமாட்டார்கள், அது நியாயம்தான், பின்னால் கூட்டம். தீர்த்தம், சடாரி வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஓரமாக இடம் பார்த்து உட்காருங்கள். நம்பிக்கை சொல்வது மலைமேல் இருப்பதைத்தான், சன்னதிக்குள் நிற்பதை அல்ல. போனில் 24 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, சத்தத்தைக் குறைத்து, பைக்குள் போட்டுவிடுங்கள். ஜபம் தெரிந்தவர்கள் ஜபிக்கலாம், பாசுரம் தெரிந்தவர்கள் சொல்லலாம், எதுவும் தெரியாதவர்கள் கிழக்கே சின்ன மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். முதல் பத்து நிமிடம் ஆபீஸ், இ.எம்.ஐ., பார்க்கிங் எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். வரட்டும், எழுந்துவிடாதீர்கள்.

குழந்தைகள் 24 நிமிடம் உட்கார மாட்டார்கள். பெரியவர்கள் முறை வைத்து, ஒருவர் உட்கார ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது முழங்கால்தான் பேசும். பக்கவாட்டாகக் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். மலைக்கோயில் இருட்டுவதற்குள் நடை சாத்திவிடுவார்கள். சாயங்காலமாகப் போய் ஏறலாம் என்று திட்டம் போட வேண்டாம்.

சின்ன மலை

கீழே மோரோ எலுமிச்சை ஜூஸோ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து ஏறுங்கள். 406 படிகள். பெரிய மலைக்குப் பிறகு இது ஒன்றுமில்லை என்று தோன்றும். இருநூறு தாண்டியதும் தோன்றாது.

இங்கே ஒரு விஷயத்தில் கண்ணியம் வேண்டும். மனநலம் குன்றியவர்களை, பேய் பிடித்தது என்று நம்பப்படுகிறவர்களை, குடும்பத்தார் இங்கே கூட்டிவருவது நெடுங்காலப் பழக்கம். தக்கான் குளத்தில் நீராடி, ஈர உடையோடு ஆஞ்சநேயரை வலம்வந்து, பல நாள் தங்கி வேண்டிக்கொள்வார்கள். சிலர் சத்தம் போடுவார்கள், சிலர் அழுவார்கள். வேடிக்கை பார்ப்பதற்கோ வீடியோ எடுப்பதற்கோ அது இடமில்லை; குழந்தைகள் கேட்டால், அவங்களுக்கு உடம்பு சரியில்லை, சாமி கும்பிட வந்திருக்காங்க என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒருவருக்காக நீங்கள் வருகிறீர்கள் என்றால், ஒன்று மட்டும்: சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாதீர்கள். பயணப் பையில் முதலில் வைக்க வேண்டியது அதுதான். வைத்தியமும் வேண்டுதலும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

சன்னதியில் ஆஞ்சநேயர் பெரிய மலையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். தரிசனம் முடித்து வெளியே வந்ததும் நீங்களும் திரும்பி அந்தத் திசையைப் பாருங்கள். காலையில் மூச்சு வாங்க ஏறிய படிவரிசை முழுக்க எதிரே தெரியும்.

திருத்தணியையும் சேர்க்கலாமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி. முதல்முறை வேண்டாம் என்பேன். சோளிங்கரின் நான்கு இடங்களை நிதானமாகப் பார்க்கவே பொழுது சரியாக இருக்கும். ஆனால் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருப்பதை மறுக்க மாட்டேன். சூரனோடு போரிட்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த மலை திருத்தணி. உக்கிரம் அடங்கி நரசிம்மர் அமர்ந்த மலை சோளிங்கர். முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் கோபம் தீர்ந்த இரண்டு தெய்வங்கள். கார் வைத்திருப்பவர்களுக்குத் திருத்தணி மலைக்கோயில் வாசல் அருகே வரை சாலை உண்டு என்பதால், சாயங்காலம் கால் ஒத்துழைத்தால் திரும்பும் வழியில் போகலாம். இந்தப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு முருகன் தலமான வள்ளிமலையை வேறொரு நாளைக்கு வையுங்கள்.

குளம், ஊர்க்கோயில், ஒரு குடை

மலையில் மூலவர் மட்டும்தான். உற்சவர் ஊருக்குள் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் எழுந்தருளியிருக்கிறார். மலை இரண்டையும் முடித்துச் சாப்பிட்டுவிட்டு ஓய்ந்தால் மத்தியானம் அந்தக் கோயில் நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் திறக்கும்வரை காத்திருந்து பாருங்கள். சென்னைக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகும் இடம் இதுதான், கூட்டமே இருக்காது.

காத்திருக்கிற நேரத்தில் தக்கான் குளக்கரைக்குப் போங்கள். இங்கே தொட்டாச்சாரியார் என்ற வைணவப் பெரியவர் வாழ்ந்தார். வருஷம் தவறாமல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளின் வைகாசி கருட சேவைக்குப் போய்விடுவார். ஒரு வருஷம் உடம்பு இடம்கொடுக்கவில்லை. கருட சேவை நாளன்று விடியற்காலை இந்தக் குளக்கரையில் உட்கார்ந்து, போக முடியவில்லையே என்று உருகினார். அங்கே காஞ்சியில் கோபுர வாசலைக் கடக்கிற நேரத்தில் வரதர் கருடன்மேல் இங்கே வந்து அவருக்குக் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பினார் என்பது வரலாறாகவே சொல்லப்படுகிறது. அன்று அவர் பாடியது 'தேவராஜ பஞ்சகம்'. குளத்தில் இறங்குவதானால் படிகளில் பாசி இருக்கிறதா என்று பார்த்துக் கால் வையுங்கள். குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள்.

காஞ்சியில் இன்றைக்கும் கருட சேவையன்று கோபுர வாசலில் குடையைச் சாய்த்துப் பெருமாளை ஒரு கணம் மறைப்பார்கள். அந்தக் கணத்தில் பெருமாள் சோளிங்கர் போய் வருகிறார் என்று கணக்கு. தொட்டாச்சாரியார் சேவை என்றே அதற்குப் பெயர். சோளிங்கர் பார்த்தவர்கள் ஒருமுறை அதையும் பார்க்க வேண்டும். வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியற்காலையில் நடக்கும். முந்தின ராத்திரியே காஞ்சியில் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். சென்னையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடலாம் என்று நம்பினால், நீங்கள் வந்து சேரும்போது கருடன் கங்கைகொண்டான் மண்டபத்துக்குக் கிளம்பியிருப்பார்.